மோல் என்னும் அளவைச்சொல்லின் வரலாறும் தமிழாக்கமும்

1. முன்னுரை

வேதியியல் கற்கப் புகும் மாணவர் முதலாண்டிலேயே எதிர்கொள்ளும் கணக்குகளுள் ஒன்று, துகள்களின் எண்ணிக்கையை மோலாக மாற்றுவது. கொடுக்கப்பட்ட எண்ணிக்கையை 6.022 × 10²³ ஆல் வகுத்தால் விடை கிடைத்துவிடும். 3.011 × 10²⁴ நீர் மூலக்கூறுகள் 5 மோல் நீராகும். கணக்கு இவ்வளவே. எனினும், இக்கணக்கை விளக்கும் பாடநூல்களை மொழிபெயர்ப்போர் பல இடங்களில் தடுமாறுவதைக் காணலாம். மோல் என்பது எடையா, எண்ணா, அளவா என்னும் வினாவுக்கு நூலுக்கு நூல் வேறுபட்ட விடை காணப்படுவதே இதற்குக் காரணம். இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளரின் பிழையால் மட்டும் நேர்ந்ததன்று. அச்சொல்லே தன் வரலாற்றில் பொருள் மாறி வந்துள்ளது. மூலநூல் எந்தக் காலத்துப் பொருளில் அச்சொல்லை ஆள்கிறது என்பதை அறியாமல் சரியான தமிழாக்கம் செய்ய இயலாது. மோல் என்னும் சொல்லின் தோற்றம், அதன் பொருள் மாற்றங்கள், தமிழில் அது பெற்றுள்ள இரு வடிவங்கள், அவற்றால் எழும் மொழிபெயர்ப்புச் சிக்கல்கள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மூலக்கூறு: பெயர்க் குழப்பத்தின் ஐம்பதாண்டுகள்

மோல் என்பதன் வரலாறு மூலக்கூறு என்பதன் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறது. இலத்தீனில் 'மோலேஸ்' என்பதற்குப் பெருந்திரள், பருமையான பொருள் என்பன பொருள். அதனுடன் சிறுமைப் பொருள் விகுதி சேர்ந்து 'மோலேகுலா', அதாவது 'சிறுதிரள்', என்னும் சொல் 17ஆம் நூற்றாண்டில் புதிய இலத்தீன் நடையில் வழங்கலாயிற்று. பிரெஞ்சில் அது 'மொலெக்குல்' என்றாயிற்று. தொடக்கத்தில் இதற்கு வரையறுத்த வேதியியற் பொருள் இல்லை. நுண்ணிய துணுக்கு எதனையும் அது குறித்தது.

1808ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஜான் டால்டன் அணுக் கொள்கையை விளக்கினார். சேர்மத்தின் மிகச் சிறிய பகுதியையும் அவர் 'கூட்டணு' என்றே வழங்கினார். வாயுக்கள் எளிய பருமன் விகிதங்களில் வினைபுரிகின்றன என்பதைக் கே-லுசாக் அதே காலப்பகுதியில் காட்டினார். இவ்விரண்டையும் இணைக்க முயன்றவர் இத்தாலியரான அமேதியோ அவகாட்ரோ (1776–1856). ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்கள் அனைத்தும் சம எண்ணிக்கையிலான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்னும் கருதுகோளை அவர் 1811இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையில் வெளியிட்டார்.

மொழியியல் நோக்கில் அக்கட்டுரையின் சொல்லாட்சி கருதத்தக்கது. அவகாட்ரோ அதில் 'அணு' என்னும் சொல்லை ஆளவில்லை. 'மொலெக்குல்' என்னும் ஒரே சொல்லுக்கு முழுமை, ஆக்கம், அடிப்படை எனப் பொருள்படும் மூவகை அடைகளைச் சேர்த்து, சேர்மத்தின் மூலக்கூறு, தனிமத்தின் மூலக்கூறு, அணு ஆகிய மூன்றையும் வேறுபடுத்த முற்பட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1814இல், ஏறத்தாழ அதே கருத்தை வெளியிட்ட ஆம்பியர், இன்று மூலக்கூறு எனப்படுவதைத் 'துகள்' என்றும் இன்று அணு எனப்படுவதை 'மொலெக்குல்' என்றும் குறித்தார். ஒருவர் மூலக்கூறு என்றது மற்றொருவர்க்கு அணுவாயிற்று. அக்கருதுகோள் நெடுங்காலம் ஏற்கப்படாமைக்குக் கொள்கை வேறுபாடுகளே முதற்காரணம். ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்கள் தம்முள் இணையக்கூடும் என்பதைப் பெர்செலியசு போன்றோர் ஏற்கவில்லை. ஆயினும், கலைச்சொற்களின் நிலையின்மையும் கருத்துப் பரவலுக்குத் தடையாய் நின்றது எனலாம்.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாரின் பன்னாட்டு மாநாடு கூட்டப்பட்டது. அணு, மூலக்கூறு, சமானம் ஆகிய சொற்கள் எவற்றைக் குறிக்க வேண்டும் என்பது அங்கு ஆராயப்பட்ட முதன்மையான பொருள்களுள் ஒன்று. அறிவியல் வரலாற்றில் கலைச்சொற்பொருளை வரையறுப்பதற்கென அறிஞர் பலர் ஒருங்கு கூடிய தொடக்கக்கால நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. அவகாட்ரோவின் கருத்தை முறைப்படுத்தி ஸ்தனிஸ்லாவோ கன்னிசாரோ 1858இல் எழுதிய சிறுநூலின் படிகள் மாநாட்டின் முடிவில் வழங்கப்பட்டன. அதனைப் படித்துத் தெளிவு பெற்றோர் வழியாகவே மூலக்கூறு என்பது இன்றைய பொருளில் நிலைபெற்றது. அவகாட்ரோ அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டார். இன்று அவர் பெயரால் வழங்கும் எண்ணின் மதிப்பை அவர் அறிந்ததே இல்லை.

3. மோல்: எடையாகப் பிறந்த சொல்

'மோலேஸ்' என்னும் அதே இலத்தீன் வேரிலிருந்து 1865 அளவில் ஹாஃப்மன் 'மோலார்' என்னும் பெயரடையை ஆண்டார். கண்ணுக்குப் புலனாகும் பருப்பொருளின் தன்மையைக் குறிக்க, 'மூலக்கூறு சார்ந்த' என்பதற்கு எதிர்ச்சொல்லாகவே அவர் அதனைப் பயன்படுத்தினார். எனவே, அக்காலத்து இயற்பியல் நூல்களில் 'மோலார் இயக்கம்' என வருமிடத்து 'பருப்பொருள் இயக்கம்' என்பதே பொருளாகும். இன்றைய கலைச்சொல் அகராதியைக் கொண்டு அதனை மொழிபெயர்த்தால் பொருள் முற்றிலும் பிறழும்.

'மோல்' என்னும் பெயர்ச்சொல்லை வழக்கில் கொண்டுவந்தவர் லைப்சிக் நகரில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு. 1893ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஆய்வுக்கூடக் கையேட்டில், ஒரு பொருளின் மூலக்கூறு எடைக்கு எண்ணளவில் சமமான கிராம் எடை ஒரு மோல் எனப்படும் என வரையறுக்கப்பட்டது. அதற்கு முன் 'கிராம்-மூலக்கூறு' என வழங்கிய நீண்ட தொடருக்கு மாற்றாகவே இக்குறுஞ்சொல் அமைந்தது. நீரின் மூலக்கூறு எடை 18. ஆகவே 18 கிராம் நீர் ஒரு மோல்.

இவ்வரையறையில் துகள்களின் எண்ணிக்கை இடம்பெறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஆஸ்ட்வால்டு அக்காலத்தில் அணுக்களின் இருப்பை ஐயுற்றவர். அணு என்பது கணக்குக்கு உதவும் கருத்து மட்டுமே என்றும் ஆற்றலே அடிப்படை உண்மை என்றும் கருதியவர். இருப்பே ஐயத்துக்கு உரியதான ஒன்றை எண்ண வேண்டிய தேவை அவருக்கு இல்லை. 'மூலக்கூறு' என்பதன் முன்பகுதியைக் கொண்டு சொல்லை ஆக்கியவர், மூலக்கூறுகளை எண்ணாமலே பயன்படக்கூடிய அளவாக அதனை வரையறுத்தார். இன்று துகள்களை எண்ணுவதற்கென்றே உள்ள அலகின் பெயர், துகள்களை நம்பாதவரால் எடைக்குப் பெயராக இடப்பட்டது என்பது சொற்பொருள் வரலாற்றில் நினைவிற்கொள்ளத்தக்க செய்தியாகும்.

4. எடையிலிருந்து எண்ணிக்கைக்கு

மூலக்கூறுகளின் அளவை முதன்முதலில் ஓரளவு நம்பத்தக்க வகையில் கணித்தவர் வியன்னாவைச் சேர்ந்த லோஷ்மிட். காற்றின் மூலக்கூறு ஒன்றன் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என 1865இல் அவர் மதிப்பிட்டார். ஜெர்மன் மொழி நூல்களில் அவகாட்ரோ எண் 'லோஷ்மிட் எண்' என நெடுங்காலம் வழங்கியமைக்கு இதுவே காரணம். பிற மொழிகளில் லோஷ்மிட் எண் என்பது ஒரு குறிப்பிட்ட பருமனுள்ள வாயுவில் அடங்கிய மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். ஜெர்மன் மூலத்திலிருந்து மொழிபெயர்ப்போர் இவ்விரு பொருள்களையும் பிரித்தறிதல் வேண்டும்.

ஐன்ஸ்டைன் 1905இல் பிரவுனியன் இயக்கத்துக்குத் தந்த கோட்பாட்டைச் சோதனைகளால் உறுதிப்படுத்திய ஜான் பெரின், 1909இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு கிராம்-மூலக்கூறில் அடங்கிய மூலக்கூறுகளின் மாறாத எண்ணிக்கைக்கு அவகாட்ரோவின் பெயரை இட்டார். அவர் பெற்ற மதிப்பு ஏறத்தாழ 7 × 10²³. இச்சான்றுகளின் பின்னரே ஆஸ்ட்வால்டும் அணுக்களின் இருப்பை ஏற்றார்.

இதன் பின் மோல் என்பதன் பொருள் மெல்ல இடம்பெயர்ந்தது. கிராம்-மூலக்கூறு, கிராம்-அணு, கிராம்-அயனி எனத் தனித்தனியே வழங்கிய சொற்களின் இடத்தை மோல் என்னும் ஒரே சொல் கவர்ந்துகொண்டது. அணுவாயினும் அயனியாயினும் எலக்ட்ரானாயினும் அவகாட்ரோ எண்ணளவு உள்ள தொகுதி ஒரு மோல் என்னும் வழக்கு வலுப்பெற்றது. வேதியியலாரும் இயற்பியலாரும் அணு எடைக்கு ஆக்சிஜனை அடிப்படையாகக் கொண்ட இரு வேறு அளவுத்திட்டங்களைப் பயன்படுத்தி வந்தனர். 1960–61இல் கார்பன்-12 பொது அடிப்படையாக ஏற்கப்பட்டதும் இவ்வேறுபாடு நீங்கியது.

1971இல் கூடிய 14ஆவது எடைகள், அளவைகள் பொது மாநாடு மோலைப் பன்னாட்டு அலகு முறையின் ஏழாவது அடிப்படை அலகாக ஏற்றது. 0.012 கிலோகிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனை அடிப்படைக் கூறுகளைக் கொண்ட தொகுதியின் 'பொருளளவு' ஒரு மோல் என வரையறுக்கப்பட்டது. எண்ணிக்கை வரையறைக்குள் வந்துவிட்டது. ஆயினும் அது இன்னும் நிறையைச் சார்ந்தே நின்றது. 2018 நவம்பரில் ஏற்கப்பட்டு 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வரையறை அச்சார்பையும் நீக்கியது. இப்போது ஒரு மோல் என்பது துல்லியமாக 6.02214076 × 10²³ அடிப்படைக் கூறுகளைக் கொண்டது. அவகாட்ரோ எண் இனி அளந்து அறியப்படுவதன்று, வரையறுக்கப்பட்டது. மாறாக, ஒரு மோல் கார்பன்-12இன் நிறை மிகச் சரியாக 12 கிராம் என்பதுதான் இப்போது சோதனையால் உறுதிப்படுத்தப்பட வேண்டியதாயிற்று. பள்ளிக் கணக்குகளின் விடை இதனால் மாறுவதில்லை. வரையறை வாக்கியம் மாறுகிறது. 1971ஆம் ஆண்டு வரையறையைத் தாங்கிய மூலநூலை இன்று மொழிபெயர்ப்போர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

5. தமிழ் அளவை மரபில் மோலின் இடம்

தமிழ் இலக்கண மரபு எண்ணுப்பெயர், நிறைப்பெயர், அளவுப்பெயர் என மூன்றனையும் வேறுபடுத்திக் காண்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரம் இவற்றின் புணர்ச்சியைத் தனித்தனியே எடுத்துப் பேசுகிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என உரையாசிரியர் காட்டும் பேரெண்களின் பெயர்கள் எண்ணுப்பெயர்கள். கழஞ்சும் பலமும் நிறைப்பெயர்கள். நாழியும் கலமும் அளவுப்பெயர்கள். இப்பாகுபாட்டைக் கொண்டு நோக்கினால், ஆஸ்ட்வால்டின் மோல் நிறைப்பெயர். பாடநூல்கள் பலவற்றின் மோல் எண்ணுப்பெயர். பன்னாட்டு அலகு முறையின் மோல் அளவுப்பெயர். மொழிபெயர்ப்பில் காணும் தடுமாற்றத்தின் வேர் இதுவே.

வகுப்பறைகளில் மோலை விளக்க 'டஜன்' உவமையாகக் காட்டப்படுகிறது. பன்னிரண்டு பழம் ஒரு டஜன் ஆவதுபோல 6.022 × 10²³ துகள் ஒரு மோல் என்பர். தொடக்க நிலைக்கு இது உதவும். ஆனால் டஜன் எண்ணுக்கு மறுபெயர் மட்டுமே, அது அலகன்று. இதனினும் பொருத்தமான ஒப்புமை தமிழ் முகத்தலளவை வாய்பாட்டில் உண்டு. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. இவ்வாய்பாட்டின்படி ஒரு நாழி 14,400 நெல் கொண்டது. 72,000 நெல் எத்தனை நாழி என வினவினால், 14,400 ஆல் வகுத்து 5 நாழி என விடை கூறலாம். துகளெண்ணிக்கையை மோலாக்கும் கணக்கும் இதுவே. நெல்லை யாரும் எண்ணி விற்பதில்லை, அளந்தே விற்பர். எனினும் அளவின் அடியில் எண்ணிக்கை நிற்கிறது. எண்ண இயலாத சிறுபொருளை அளவால் எண்ணும் உத்தி இரண்டற்கும் பொது. நாழி எண்ணிக்கையன்று, எண்ணிக்கையால் நிலைநிறுத்தப்பட்ட அளவு. மோலும் அத்தகையதே.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. நெல்லின் பருமைக்கேற்ப நாழியில் அடங்கும் எண்ணிக்கை உண்மையில் வேறுபடும். மோலில் எண்ணிக்கை மாறுவதில்லை. துகளின் தன்மைக்கேற்ப நிறையே மாறும். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் ஏறத்தாழ 2 கிராம். அதே எண்ணிக்கையுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஏறத்தாழ 32 கிராம்.

6. மோலும் மூலும்

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இச்சொல்லை 'மோல்' என ஒலிபெயர்த்து வழங்க, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'மூல்' என வழங்குகின்றன. மருத்துவர் சாமுவேல் கிறீன் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூலை வெளியிட்ட ஆண்டு 1875. ஆஸ்ட்வால்டின் சொல் அப்போது பிறக்கவில்லை. ஆகவே இவ்விரு வடிவங்களும் தமிழ் அறிவியல் எழுத்தின் முதற்கட்டத்தைச் சார்ந்தவையல்ல. பின்னர்க் கடல் கடந்து தனித்தனியே வளர்ந்த பாடநூல் மரபுகளைச் சார்ந்தவை.

'மூல்' என்னும் வடிவம் மூலக்கூறு என்பதனோடு ஒலியால் இயைகிறது. இலங்கை வழக்கில் தனிமத்துக்கு 'மூலகம்' என்பது பெயர். எனவே மூலகம், மூலக்கூறு, மூல், மூலர் என ஒரு சொற்குடும்பம் அங்கு அமைந்துவிடுகிறது. கற்போர் நினைவிற்கொள்ள இது துணைபுரியும். ஆயின் இது ஒலியொப்புமையே. 'மூலம்' வடமொழிவழி வந்தது; வேர், அடி என்னும் பொருளது. இலத்தீன் 'மோலேஸ்' திரள் என்னும் பொருளது. இரண்டற்கும் சொற்பிறப்புத் தொடர்பு இல்லை. 'மோல்' என்னும் வடிவம் மூலமொழியின் ஒலிக்கு அணுக்கமானது. தமிழ் மொழிமுதல், மொழியிறுதி விதிகளுக்கும் இயைந்தது. இந்தியில் இச்சொல் விலை என்னும் பொருளுள்ள 'மோல்' என்பதனோடும், மலையாளத்தில் மகளைக் குறிக்கும் 'மோள்' என்பதனோடும் ஒருவடிவாகிறது. தமிழில் அவ்வாறு மயங்கத்தக்க சொல் இல்லை.

புணர்ச்சியில் இச்சொல் அயற்சொல்லாகவே நடத்தப்படுகிறது. பன்மையில் கால்கள், நூல்கள் என்பனபோல 'மோல்கள்' என இயல்பாக அமைகிறது. தொகைச்சொல்லில் நூற்பா, காற்சிலம்பு என்பனபோல 'மோற்பின்னம்' என்று ஆகாமல் 'மோல் பின்னம்' என்றே எழுதப்படுகிறது. அலகின் பெயர் சிதையாதிருத்தல் அறிவியல் எழுத்துக்கு இன்றியமையாதது ஆதலின் இவ்வழக்கு ஏற்புடையதே.

வடிவ வேறுபாட்டினும் இடர் தருவது பொருள் வேறுபாடு. தமிழ்நாட்டில் 'நிறை' என்பது பொருளின் நிறையையும் 'எடை' என்பது புவியீர்ப்பு விசையையும் குறிக்கும். இலங்கையில் முன்னதற்குத் 'திணிவு' என்பதும் பின்னதற்கு 'நிறை' என்பதும் வழக்கு. தமிழ்நாட்டு நூலின் 'மோலார் நிறை' இலங்கை நூலில் 'மூலர்த் திணிவு' ஆகும். இலங்கை வாசகர் ஒருவர் 'மோலார் நிறை' என்பதைத் தம் வழக்கின்படி விசையாகக் கொள்ள இடமுண்டு. 'மோல்', 'மூல்' என்பவற்றை யாரும் எளிதில் இனங்கண்டுகொள்வர். 'நிறை' என்பது இரு வழக்கிலும் ஒரே வடிவில் நிற்பதால் பொருள் வேறுபாடு புலப்படாமலே போகும்.

7. மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டுவன

முதலாவது, மோலைக் கூறும்போது எதனை எண்ணுகிறோம் என்பதையும் உடன் கூறுதல். இதனை 1971ஆம் ஆண்டு வரையறையே கட்டாயமாக்கியது. '2 மோல் ஆக்சிஜன்' என்னும் தொடர் இருபொருள்படும். எண்ணப்பட்டவை 1.2044 × 10²⁴ அணுக்கள் எனில் நிறை ஏறத்தாழ 32 கிராம். மூலக்கூறுகள் எனில் 64 கிராம். எண்ணிக்கையும் வகுத்தலும் ஒன்றே; விடுபட்ட ஒரு பெயர்ச்சொல் விடையை இரட்டிப்பாக்குகிறது. '2 மோல் ஆக்சிஜன் அணுக்கள்', '2 மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகள்' என விரித்தெழுதுவதே முறை. மூலத்தில் இது தொக்கு நின்றாலும் தமிழில் வெளிப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, 'அடிப்படைக் கூறு' என்பதன் ஆட்சி. சிலர் இதனை 'அடிப்படைத் துகள்' என்பர். இயற்பியலில் எலக்ட்ரான், குவார்க் போன்றவற்றுக்கு அது பெயராகிவிட்டது. எல்லா இடத்தும் 'மூலக்கூறு' என்பதும் பொருந்தாது. சமையலுப்பில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் அடுக்கப்பட்டுள்ளனவேயன்றித் தனி மூலக்கூறுகள் இல்லை. அணு, மூலக்கூறு, அயனி, எலக்ட்ரான் அனைத்தையும் தழுவும் பொதுச்சொல்லாக 'கூறு' என்பது போதுமானது.

மூன்றாவது, அவகாட்ரோ எண்ணும் அவகாட்ரோ மாறிலியும் வேறு. எண்ணுக்கு அலகு இல்லை. மாறிலிக்கு 'ஒரு மோலுக்கு' என்னும் அலகு உண்டு. துகளெண்ணிக்கையை மாறிலியால் வகுக்கும்போதுதான் விடை மோலில் அமையும். எண்ணால் வகுத்தால் வெறும் எண்ணே எஞ்சும். பாடநூல்கள் இரண்டையும் ஒன்றாகவே வழங்குவது மாணவர்க்கு அலகு எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிடுகிறது.

நான்காவது, மோலால் அளக்கப்படும் அளவின் பெயர். ஜெர்மனில் 'ஸ்டாஃப்மெங்க' என வழங்கிய இது, ஆங்கிலத்தில் அதற்கு நேரான தொடராகவும் பிரெஞ்சில் 'பருப்பொருளின் அளவு' என்னும் பொருளுள்ள தொடராகவும் வழங்குகிறது. தமிழில் 'பொருளின் அளவு' எனப் பிரித்தெழுதினால் அது எடையையோ பருமனையோ குறிக்கும் பொதுத்தொடராக மயங்கும். 'பொருளளவு' என ஒருசொல் நீர்மையில் எழுதினால் கலைச்சொல் என்பது புலப்படும். இதற்கு மாற்றாக 'மோல்களின் எண்ணிக்கை' என எழுதுவது பெருவழக்காயினும், நீளத்தை 'மீட்டர்களின் எண்ணிக்கை' என்பது போன்றதே அது.

8. முடிவுரை

மோல் என்னும் சொல் எடையாகப் பிறந்து, எண்ணிக்கையைத் தழுவி, எண்ணிக்கையாலேயே வரையறுக்கப்படும் அளவாக இன்று நிற்கிறது. 1893, 1971, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளும் அதன் பொருள் வரலாற்றின் எல்லைக்கற்கள். மூலநூல் இவற்றுள் எந்த எல்லைக்குள் எழுதப்பட்டது என்பதை அறிந்து, பழைய நூலாயின் 'கிராம்-மூலக்கூறு' என்னும் பொருளிலும், புதிய நூலாயின் பொருளளவின் அலகு என்னும் பொருளிலும் அதனைத் தமிழாக்க வேண்டும். மோல், மூல் என்னும் இரு வடிவங்களுள் ஒன்றைக் கைவிடுமாறு கோருவதைவிட, பொதுக் கலைச்சொல் அகராதிகளில் இரண்டையும் தருவதும், 'நிறை' போன்ற சொற்களுக்கு இரு நாட்டு வழக்கிலும் உள்ள பொருள் வேறுபாட்டைச் சுட்டுவதும் உடனடியாகச் செய்யத்தக்கன. கலைச்சொல்லாக்கத்தில் வடிவ ஒருமைக்குத் தரப்படும் கவனம் பொருள் வரையறைக்கும் தரப்பட்டால், துகளெண்ணிக்கையை மோலாக்கும் எளிய கணக்கு தமிழ்வழி கற்போர்க்கு எளிய கணக்காகவே இருக்கும்.